அப்பத்தாவை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகனிடம், தாத்தா பாட்டியின் பள்ளிக்கூட நாட்களைப் பேட்டி எடுத்துவரச் சொல்லிப் பத்துக் கேள்வி அச்சடித்துக் கொடுத்தார்கள். 76 வயது ஐயா எல்லாவற்றுக்கும் 'நல்லா இருந்துச்சு' என்பதோடு சரி. அப்பத்தா அஞ்சாப்பைத் தாண்டாதவர், அதனால் கேட்கவில்லை. கடைசியில் நானே எழுதிக் கொடுத்தேன். இப்படி ஒரு வீட்டுப்பாடம் தேவைதானா?
- ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: 'பிடித்த பாடம் எது?' என்று கேட்டால் யாராக இருந்தாலும் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் சொல்வார்கள். ஐயாவிடம் காசைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். காசுக் கதைக்கு வாய் திறக்காத செட்டிநாட்டுப் பெரியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது அவர் சின்ன வகுப்பில் இருந்திருப்பார். அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து 100 பைசா. கணக்குப்படி ஓரணா ஆறேகால் பைசா. அந்தக் காலுக்குக் காசு ஏது? ஓரணாவுக்கு 6, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். ஓரணா ஓரணாவாக நாலு தடவை மிட்டாய் வாங்கினால் 24 பைசா, மொத்தமாக வாங்கினால் 25! அந்த ஒரு பைசா யார் பைக்குப் போனது என்று பேரன் கேட்கட்டும்.

இன்னொன்று. 'தாத்தா பதினொன்றோடு நின்றுவிட்டார்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அன்று பள்ளி இறுதி வகுப்பே அதுதான். பிளஸ் டூ 1978-இல்தான் வந்தது. (எழுதியது நீங்கள் என்பதால் சொல்கிறேன்.)

அப்பத்தாவை விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழகப்பச் செட்டியார் 1947-லேயே காரைக்குடியில் கல்லூரி திறந்துவிட்டார். பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் ஒரு பெண்பிள்ளையை அஞ்சாப்போடு நிறுத்தியது யார், என்ன சொல்லி நிறுத்தினார்கள்? அச்சடித்த பத்தில் இது இருந்திருக்காது.

என் அம்மா மூணாப்பு. என் மகள் கேட்டபோது முதலில் 'எனக்கென்ன தெரியும், போ' என்றார். 'சிலேட்டை எதால அழிப்பீங்க அப்பத்தா?' என்றதும் கொல்லைக்குப் போய் ஒரு கை கோவை இலை பறித்து வந்தார். சிலேட்டுக்கு எங்கே போவது? ஆத்தங்குடிக் கல் தரையிலேயே கசக்கித் தேய்த்துக் காட்டினார். தேய்த்துக்கொண்டே, 'அந்தச் சிலேட்டுலதான் பொறவு தம்பி படிச்சான்' என்றார். ஐம்பது வருஷமாக அவர் பிள்ளையாக இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

வீட்டுப்பாடம் தேவைதான்; நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்தான் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்கும்போதோ, கீரை ஆயும்போதோ பையனைப் பக்கத்தில் உட்கார்த்துங்கள். போனில் பதிவைப் போட்டுவிட்டு நீங்கள் முகப்புக்குப் போய்விடுங்கள். உங்கள் எதிரில் அவர் சொல்ல மாட்டார்.