சம்பளமா, கட்டணமா? டொக்டர்மாரின் ஓய்வுகாலக் கணக்கு

கேள்வி: திருகோணமலை நகரிலுள்ள தனியார் பல் கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறேன். மாதம் 150,000 ரூபா. சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளம் 40,000, மிச்சம் 110,000 'சேவைப்படி' என்று போட்டிருக்கிறார்கள். 40,000க்கு மட்டும்தான் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்கள். டொக்டர்மாருக்கு இவ்வளவு போதும் என்கிறார்கள். சரியா?
– பல் வைத்தியர், உப்புவெளி

பதில்: சரியில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் டொக்டர்மாருக்கென்று தனிச் சலுகை கிடையாது. பங்களிப்பு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமல்ல. வாழ்க்கைச் செலவுப்படி, அதையொத்த படிகள், விடுமுறைச் சம்பளம், சாப்பாட்டுப்படி எல்லாம் கணக்கில் வரும். ஓவர்டைம் வராது. மாதாமாதம் ஒரே தொகையாக வரும் 'சேவைப்படி', வேறு பெயர் சூட்டிய சம்பளம் என்பதே எங்கள் கருத்து.

இப்போது 40,000க்கு உங்கள் பங்கான 8 வீதம் 3,200, அவர்களின் பங்கான 12 வீதம் 4,800, மொத்தம் 8,000. முழுத் தொகைக்கும் கட்டினால் 12,000, 18,000, மொத்தம் 30,000. ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முழுக்கத் தொழில்தருநர் தலையில், 3 வீதம்: 1,200 அல்ல, 4,500. ஆக அவர்கள் பையிலிருந்து வரவேண்டிய 16,500 மாதாமாதம் வராமல் போகிறது, வருடத்துக்கு 198,000. உங்கள் கைக்கு 8,800 கூடுதலாக வருவதால்தான் இது உறைப்பதில்லை.

ஆனால் ஒன்று. அவர்களின் கதிரையைப் பாவித்து, உங்கள் நோயாளிகளைப் பார்த்து, கட்டணத்தைப் பங்கு பிரித்துக்கொள்பவராக இருந்தால் நீங்கள் அவர்களின் ஊழியரல்ல, சுயாதீனமாகத் தொழில் செய்பவர்; ஈ.பி.எப். வராது. நேர அட்டவணை போடுவது யார், லீவு கேட்பது யாரிடம், கருவிகள் யாருடையவை? இவற்றை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

நியமனக் கடிதம், ஒரு வருடச் சிட்டைகள், வங்கிக் கூற்று, அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றோடு தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அந்தந்த மாதத்தில் கழிக்கத் தவறிய உங்கள் 8 வீதத்தைப் பின்னால் உங்களிடம் அறவிட முடியாது; அவர்களே கட்டவேண்டும். ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். பத்து நாளுக்குள் பிந்தினால் 5 வீத மேலதிகக் கட்டணம். ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். முறைப்பாடு என்றதும் பல இடங்களில் பேச்சின் தொனி மாறுவது இதனால்தான்.

கேள்வி: சொந்தமாக டிஸ்பென்சரி நடத்துகிறேன். வயது 46. இரண்டு பேர் வேலைக்கு நிற்கிறார்கள். என் பெயரிலும் ஈ.பி.எப். கட்டலாமா?
– உவர்மலை வாசகர்

பதில்: தனியுரிமை வியாபாரமென்றால் முதலாளி தனக்குத் தானே கட்ட முடியாது. வேலைக்கு நிற்கும் இருவருக்கும் கட்டியே ஆகவேண்டும். ஒருவர் நின்றாலும் சட்டம் பொருந்தும், பகுதிநேரம் என்ற சாட்டும் எடுபடாது.

உங்களுக்கு ஈ.ரி.எப்.பில் சுயதொழில் செய்வோருக்கான இடம் உண்டு. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் 59 வயது வரை சேரலாம். 60இலிருந்து மாதாமாதம் பணம் வரும். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சேரும்போது தெரிவுசெய்யும் தொகைதான் பிறகு கிடைக்கும். விலைவாசி அதற்காகக் காத்திராது. ஆகவே அதை அடித்தளமாக மட்டும் வையுங்கள், அதற்கு மேல் உங்கள் சொந்தச் சேமிப்பு வேண்டும். பிரைவேட் லிமிட்டெட் ஆக்கிப் பணிப்பாளர் சம்பளம் எடுத்தால் ஈ.பி.எப். வழி திறக்கும். ஆனால் அதற்காக மட்டும் கம்பனி தொடங்காதீர்கள். கணக்காய்வும் செயலாளர் கட்டணமும் வருடாவருடம் தின்னும்.

கேள்வி: அரச வைத்தியர் நான். மாலையில் தனியாரிடம் சேனலிங் (கட்டணத்துக்கு நோயாளி) பார்க்கிறேன். அந்தப் பணம் ஓய்வூதியத்தில் சேருமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: சேராது. அரச ஓய்வூதியம் அரச சம்பளத்தை வைத்துத்தான். சிட்டையில் கழியும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு உங்களுக்குரியதல்ல, துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அந்தக் கோப்பில் துணையின் பெயர் திருமணச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் பிற்காலத்தில் துணையும் பிள்ளைகளும் அலைய வேண்டியிருக்கும்.