ஆர்வியில் ஊர் சுற்றும்போது மெடிகேர் கூட வருமா?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 67. நியூ ஜெர்சி வீட்டை விற்றுவிட்டு, ஒரு ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கி இரண்டு மூன்று வருடம் அமெரிக்கா முழுக்கச் சுற்றலாம் என்றிருக்கிறோம். ஃபுளோரிடாவில் தபால் முகவரி ஒன்று எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் கம்பெனி மூலம் பெறும் திட்டம்) இருக்கிறது. ‘எங்கே போனாலும் செல்லும்’ என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அவர் சொன்னது பாதி உண்மை. நெஞ்சுவலி, கால் முறிவு என்று அவசரம் வந்தால் நாட்டில் எங்கிருந்தாலும் அந்தத் திட்டம் உதவும். ஆனால் நம் வயதில் டாக்டரிடம் போவது பெரும்பாலும் அவசரத்துக்கா? சர்க்கரை அளவு பார்க்க, கண்புரைக்கு, முழங்கால் ஊசிக்கு. அங்கேதான் இடிக்கும். அட்வான்டேஜ் திட்டங்களைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) வாரியாக விற்கிறார்கள். எல்லை தாண்டினால் எச்எம்ஓ (தன் பட்டியல் டாக்டர்களிடம் மட்டும் அனுப்பும் வகை) பொதுவாக ஒன்றும் தராது. பிபிஓ (வெளி டாக்டரிடமும் போகவிடும் வகை) தரும், உங்கள் பங்கு ஏறும். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாகப் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

என்னிடம் வந்த ஒருவர் அரிசோனாவில் வண்டியை நிறுத்திவிட்டு, அட்டையின் பின்பக்க நம்பருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போன் போட்டார். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுக்க ஒரு டாக்டர் வேண்டும், அவ்வளவுதான். கிடைத்த பதில்: ‘உங்கள் கவுண்டிக்குள் பாருங்கள்.’ கவுண்டி 2,000 மைலுக்கு அப்பால். வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் மெடிகேர் வரி பிடித்தபோது எந்தக் கவுண்டி என்று யாராவது கேட்டார்களா?

சுற்றுகிறவர்களுக்குச் சரிப்படுவது அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர். மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம். டாக்டர் செலவில் அது விட்டுவைக்கும் 20 சதவீதத்துக்கு மெடிகேப் என்ற தனியார் துணைப் பாலிசி, மருந்துக்குத் தனியாக பார்ட் டி.

‘மெடிகேப் இனிமேல் கிடைக்காதே’ என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 65 வயதுக்கு மேல் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தொடங்கிய முதல் ஆறு மாதம்தான் எந்தக் கேள்வியும் இல்லாமல் தருவார்கள். அப்புறம் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். ஆனால் அவர் சொல்லாமல் விடும் விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு முக்கியமே அதுதான். அட்வான்டேஜ் திட்டத்தின் எல்லையை விட்டு நீங்கள் குடிபெயர்ந்து ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பினால், பிளான் ஜி உட்படச் சில மெடிகேப் பாலிசிகளை, நோய் எதுவும் கேட்காமல் உங்களுக்கு விற்றே ஆக வேண்டும். பழைய திட்டம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து, முடிந்த 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 64-ஆம் நாள் போய் நின்றால் அந்த உரிமை இல்லை. திட்டம் முடிந்ததாக வரும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதைத்தான் கேட்பார்கள். வீட்டுச் சாமான்களோடு அதையும் கழித்துவிடாதீர்கள்.

இந்த இடைவெளியில்தான் ஃபுளோரிடா ஏஜென்ட் வருவார். ‘பிரீமியமே இல்லை, பல்லும் கண்ணும் இலவசம்’ என்று அங்குள்ள அட்வான்டேஜ் திட்டத்தை நீட்டுவார். கமிஷன் அவருக்கு. கையெழுத்துப் போட்டால், குடிபெயர்ந்ததால் கிடைத்த மெடிகேப் உரிமை கையை விட்டுப் போகும். மறுபடியும் கவுண்டி வேலிக்குள்தான் இருப்பீர்கள்.

குடிபெயர்வதும் நிஜமாக இருக்க வேண்டும். தபால் பெட்டி விற்கும் கம்பெனிகள் ‘முகவரி எடுத்தால் முடிந்தது’ என்பார்கள். முடியாது. டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு மூன்றையும் மாற்றி, கவுண்டி அலுவலகத்தில் குடியிருப்பு உறுதிமொழியும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நியூ ஜெர்சி வரித் துறை உங்களை விடாது. சோஷியல் செக்யூரிட்டியிலும் முகவரியை மாற்றுங்கள். மெடிகேர் பார்ப்பது அந்த முகவரியைத்தான்.

எதிலும் கையெழுத்திடுமுன் ஃபுளோரிடாவின் ‘ஷைன்’ ஆலோசனைச் சேவையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இலவசம், அவர்கள் எதையும் விற்பதில்லை.