மருத்துவர் பதில்: தம்பியை அறையில் பூட்டி வைக்க வேண்டாம்

உங்கள் தம்பியின் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் வந்ததைப் பற்றியே முக்கால் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். குடி நின்றால் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கொழுப்பு தானே குறையும். என்னைப் பதற வைத்தது கடைசிப் பத்தி. ஆஸ்பத்திரிக்குப் போனால் குடிகாரன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், நாலு நாள் லீவு போட வைத்து அறையில் பூட்டிக் குடியை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொல்கிறார் என்கிறீர்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால் சரியாகிவிடுகிறது. அவசரமாகக் கவனிக்க வேண்டியது அந்த நடுக்கத்தைத்தான். மது மூளையை அமுக்கி வைக்கும். அதை ஈடுகட்ட மூளை பல வருடமாகத் தன்னை முறுக்கேற்றிக்கொண்டே வந்திருக்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்தால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாததைப் பார்த்துப் பயப்படுவது. இதில் உயிர் போவதும் உண்டு. நீங்கள் பூட்டி வைக்க நினைக்கும் அதே நாலு நாள்!

இந்த வெட்கம் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் கூடவே வரும். கால் எலும்பு முறிந்து ஆபரேஷனுக்கு வந்தவர், மூன்றாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, படுக்கை விரிப்பில் எறும்பைப் பொறுக்க ஆரம்பிப்பார். அங்கே எறும்பே இருக்காது. மயக்க மருந்தா, கிருமித் தொற்றா என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். தினமும் குடிப்பார் என்று தெரிந்த மனைவி, பக்கத்தில் மாமியார் நிற்பதால் வாயைத் திறக்க மாட்டார். அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே கிடைத்திருந்தால், பி1 வைட்டமின் ஊசியும், மூளையின் முறுக்கைத் தணிக்கும் டயாசிபாம் வகை மாத்திரையும் கொடுத்துப் பெரும்பாலும் இந்த நிலை வராமல் தடுத்திருக்கலாம்.

அப்புறம், குடியை நிறுத்தும் என்று இணையத்தில் பார்த்து வாங்கிய பவுடரைச் சாப்பாட்டில் தம்பிக்குத் தெரியாமல் கலப்பது. கையில் இருப்பதைக் குப்பையில் போடுங்கள். அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்து, அதன் மேல் அவர் குடித்தால், வாந்தியும் படபடப்பும் வந்து ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாக்டர்களும் அந்த மருந்தைத் தருவதுண்டு. நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் தருவோம்.

இரண்டு முறை நிறுத்திவிட்டுத் திரும்பக் குடித்ததால் 'திருந்தாத ஜென்மம்' என்கிறார் அப்பா. சிகிச்சைக்குப் பிறகு திரும்பவும் போதைக்குப் போவோர் 40 முதல் 60 சதவீதம் என்கிறது அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவது 50 முதல் 70 சதவீதம் என்றும் அதுவே சொல்கிறது. பிரஷர் ஏறியவரை யாரும் ஜென்மம் என்று ஏசுவதில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறோம். இதற்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அவர் இரண்டு முறை முயன்றிருக்கிறார் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

சரி, அவரிடம் எப்படிப் பேசுவது? குடியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். 'காலையில் கை நடுங்குதே, அதுக்கு மருந்து இருக்காம், நானும் வர்றேன், வா' என்று சொல்லிப் பாருங்கள். அக்கா கூட வருவது அவருக்குப் பெரிய தைரியம். மனநல டாக்டரிடம் போகத் தயங்கினால் முதலில் பொது மருத்துவரிடமே போகலாம். நோயாளி சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது எங்கள் கடமை. தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் கூசாமல் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை அவர் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். இதைக் குடிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த வாரமே போய்விடுங்கள். அதற்குள் வலிப்போ, குழப்பமோ, நடுக்கத்தோடு காய்ச்சலோ வந்தால், எந்த நேரமானாலும் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வாசலிலேயே 'குடிப்பார், நிறுத்தி இத்தனை மணி நேரம் ஆகிறது' என்று சொல்லிவிடுங்கள்.