பாஸ்புக்கில் விழும் புரியாத பிடித்தங்கள்

வங்கிக் கட்டணம், கவுன்டரில் அலைக்கழிப்பு இரண்டையும் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். மினிமம் பேலன்ஸ் 5,000 ரூபாய். கணக்கில் எப்போதும் 1,500 ரூபாய்தான் கிடக்கும். மாதத்தின் கடைசி ஒரு வாரம் மட்டும் அதை 6,000 ஆக்கி வைத்தேன். அப்படியும் அபராதம் பிடித்துவிட்டார்கள். கேட்டால், "சிஸ்டம் தானா எடுத்துக்கும்மா" என்கிறார்கள்.
*– தையல் தொழிலாளி, திருச்சி*

மினிமம் பேலன்ஸ் என்று வாய்வழக்கில் சொன்னாலும் பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும் நேரத்தில் உள்ள இருப்பை எல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். காலையில் போட்டு மாலையில் எடுத்த பணம் இந்தக் கணக்கில் வரவே வராது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 23 நாட்கள் 1,500 வீதம் 34,500. ஏழு நாட்கள் 6,000 வீதம் 42,000. மொத்தம் 76,500. முப்பதால் வகுத்தால் சராசரி 2,550தான். பாதியளவு குறைகிறது. 5,000 சராசரி வேண்டுமென்றால் 30 நாள் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். 23 நாட்களில் 34,500தான் சேர்ந்திருக்கிறது என்றால், மிச்சம் 1,15,500-ஐ ஏழு நாளில் ஈடுகட்ட, தினமும் 16,500 ரூபாய் கணக்கில் கிடக்க வேண்டும். தாமதமாக விழித்துக்கொள்வது எவ்வளவு செலவு வைக்கிறது பாருங்கள். சில வங்கிகள் மாதத்துக்குப் பதில் காலாண்டுச் சராசரி பார்க்கின்றன. உங்கள் வங்கியில் எது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அபராதம் 'தானாக' விழுந்துவிட முடியாது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக உங்களுக்குச் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் அபராதம். அதுவும் குறைந்த தொகையின் விகிதத்தில் இருக்க வேண்டும். 200 ரூபாய் குறைந்தவருக்கும் 4,000 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே தொகை என்பது விதிக்குப் பொருந்தாது. ஆகவே வங்கியில் கேட்க வேண்டியது "ஏன் பிடித்தீர்கள்" என்பதை அல்ல. "எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு எனக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பழைய செல்போன் எண்ணே கணக்கில் இருந்து, அறிவிப்பு அங்கே போயிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். எண் மாறியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

5,000 ரூபாயை முடக்கி வைக்க முடியாதவர் இந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. ஏடிஎம் கார்டும் இலவசம். மாதத்துக்கு நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும்தான் நிபந்தனை. இப்படி ஒரு கணக்கு இருப்பதைக் கவுன்டரில் அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறு வங்கிக்கு மாறலாம். சேமிப்புக் கணக்குகளுக்கான இந்த அபராதத்தை 2020 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கி கைவிட்டது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-ல் கைவிட்டன.

முன்பு வேலை பார்த்த கம்பெனி தொடங்கித் தந்த சம்பளக் கணக்கு. மூன்றரை வருடமாகத் தொடவில்லை. இப்போது மூடப் போனால் மைனஸ் 1,800 ரூபாய் காட்டுகிறது. கட்டினால்தான் மூடுவோம் என்கிறார்கள். கட்டிவிடலாமா?
*– கணினி ஊழியர், கோவை*

கட்டாதீர்கள். முதலில், கடைசிச் சம்பளம் வந்த நாளிலிருந்து இன்றுவரையிலான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அதற்குள் பணம் போட்டால் அது நேராகப் பாக்கியில் கழிந்துவிடும். பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

நடந்தது அநேகமாக இதுவாக இருக்கும். சில மாதங்கள் சம்பளம் வராமல் போனதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றியிருக்கும். அன்றிலிருந்து குறைந்தபட்ச இருப்பு விதி ஓடத் தொடங்கியிருக்கும். ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். அவற்றைத் தனித்தனியாகக் கூட்டுங்கள். குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது மேலே சொன்ன அதே விதியில் இருக்கிறது. மேலும், இரண்டு வருடம் வாடிக்கையாளர் தரப்பில் வரவு செலவு இல்லாவிட்டால் அது செயல்படாக் கணக்கு. வங்கி தானாக வைத்த வட்டி வரவும் கட்டணப் பிடித்தமும் இதில் பரிவர்த்தனையாகக் கணக்கில் சேராது. செயல்படாக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போடக் கூடாது. அதற்கு மீண்டும் உயிர் கொடுக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் ஆகியவை வேறு கணக்கு. அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் விதி அவ்வளவு உறுதியாக உங்கள் பக்கம் இல்லை. மூடும்போது கார்டையும் மிச்சக் காசோலைகளையும் ஒப்படைத்து, கணக்கு மூடப்பட்டதற்கு எழுத்தில் கடிதம் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வந்தால் இன்னும் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியோடு எழுதுவீர்கள்.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 எடுத்தேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. என் வங்கி அந்த வங்கியைக் கேட்கச் சொல்கிறது, அந்த வங்கி என் வங்கியைக் கேட்கச் சொல்கிறது.
*– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்*

கார்டு கொடுத்த வங்கிதான் பொறுப்பு. அங்கேயே புகார் பதியுங்கள். பரிவர்த்தனை நாளைத் தவிர்த்து ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 3-ம் தேதி கழிந்த பணம் 20-ம் தேதி வந்தால், 8-ம் தேதியோடு கெடு முடிகிறது, மிச்சம் 12 நாள், ஆக 1,200 ரூபாய். நீங்கள் கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில் உண்டு. நடைமுறையில், கேட்டால்தான் வரும். யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பி, அவருக்குப் போய்ச் சேராவிட்டால் கெடு ஒரே நாள்தான். கடைக்காரருக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள்.

சில சமயம் "பரிவர்த்தனை வெற்றி" என்று ஒருவரியில் புகாரை மூடிவிடுவார்கள். அப்போது மூன்றைக் கேளுங்கள்: இயந்திரம் தானே எழுதி வைக்கும் மின்னணு ஜர்னல் பதிவு, அன்றைய ரொக்கச் சரிபார்ப்பு அறிக்கை, கேமரா பதிவு. பணம் வெளியே வரவில்லை என்றால் சரிபார்ப்பில் 10,000 கூடுதலாக நிற்கும். கேமரா பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே முதல் புகாரிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்லிப் வரவில்லையா? எஸ்எம்எஸ்ஸில் உள்ள நேரமும், ஏடிஎம் இருந்த இடமும் போதும்.

இன்னொன்று: இயந்திரக் கோளாறு, நோட்டு தீர்ந்துபோதல், தவறான பின் எண் ஆகியவற்றால் தோல்வியடைந்த முயற்சி, இலவச எண்ணிக்கையில் சேராது. வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மூன்றே முறை. அங்கே இருப்புப் பார்ப்பதும் ஒரு முறையாகக் கணக்காகும். இதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை, அதன்மேல் ஜிஎஸ்டி.

கேட்காமலே கணக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். இது என்ன கட்டணம்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்*

கட்டணமல்ல, பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் தொகையைத் திருப்பக் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் இருந்து இப்போது வேண்டாம் என்றால், அடுத்த மே வருவதற்குள் நிறுத்தச் சொல்லி எழுதித் தர வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன் ஒரு முறை யோசியுங்கள், 55 வயதைத் தாண்டாதவருக்கு, 2 லட்சம் காப்பீட்டுக்கு இது மலிவுதான்.

இஎம்ஐ தேதி ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை பணம் போட்டேன். அதற்குள் பவுன்ஸ் என்று இரண்டு இடத்தில் அபராதம்.
*– ஆட்டோ ஓட்டுநர், சேலம்*

2021 ஆகஸ்ட் முதல் தானியங்கிப் பிடித்தம் ஞாயிறும் விடுமுறை நாளும் பார்ப்பதில்லை. பவுன்ஸ் ஆனால் உங்கள் வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்தவர் இன்னொன்றும் போடுவார்கள். இரண்டும் வேறு வேறு, அதனால் தப்பு என்று சொல்ல முடியாது. முதல் நாள் இரவே பணம் இருக்கட்டும். ஆனால் ஒரே தவணைக்கு இரண்டு மூன்று முறை அனுப்பி ஒவ்வொரு முறையும் பிடித்திருந்தால், அதை எழுத்தில் கேளுங்கள்.

மேனேஜர் "நாளைக்கு வாங்க" என்று மூன்று மாதமாக இழுக்கிறார். ரிசர்வ் வங்கிக்கு எழுதினால் வேலை நடக்குமா?
*– விவசாயி, விழுப்புரம்*

நடக்கும். ஆனால் நீங்கள் மூன்று மாதம் நடந்தது எந்தக் கணக்கிலும் வராது. எழுத்தில் புகார் கொடுத்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். நேரில் கேட்பதை இன்றோடு விடுங்கள்.

ஒரு புகாருக்கு ஒரு கடிதம். அரைப்பக்கம் போதும். இப்படி: "என் கணக்கு எண் இது. ஜூன் 4 அன்று குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக ஜிஎஸ்டி உட்பட 590 ரூபாய் பிடிக்கப்பட்டது. இதற்கு முன் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. ஆகவே 590 ரூபாயைத் திருப்பி வரவு வைக்கவும். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." கோபம், பழைய கதை, ஊழியரின் முகபாவம் எதுவும் வேண்டாம். மரியாதைக் குறைவைப் பற்றியே எழுத வேண்டும் என்றால், அன்று எந்த வேலைக்குப் போனீர்கள், அது நடக்காமல் என்ன இழந்தீர்கள் என்று எழுதுங்கள். "திமிராகப் பேசினார்" என்பது மட்டும் நிற்காது.

நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், அல்லது வங்கியின் இணையதளத்தில் பதிந்து புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ மண்டல அலுவலகத்துக்கும் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கும் அதே கடிதத்தை அனுப்பலாம். அவர்களின் முகவரி கிளைப் பலகையில் இருக்க வேண்டும்.

முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது மறுப்பு வந்தது என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். நவம்பர் 2021 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளமான சிஎம்எஸ்ஸில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. 14448-ஐ அழைத்தால் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

புகார்கள் முதல் படியிலேயே தள்ளுபடி ஆவது எதனால்? வங்கிக்கு எழுதாமல் நேராக வருவது, வங்கிக்கு எழுதிய கடிதத்தில் 'நகல்: குறைதீர்ப்பாளர்' என்று போட்டுவிட்டு அதையே புகாராக நினைப்பது, வக்கீல் மூலம் அனுப்புவது, அதே விஷயம் நீதிமன்றத்தில் இருப்பது. எனக்கு ஏன் கடன் தரவில்லை என்பது போன்ற வணிக முடிவுகளையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகாருக்குக் காலக்கெடுவும் உண்டு, ஆறப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரிய வங்கிகளுக்குள் 'உள் குறைதீர்ப்பாளர்' என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் புகாரை முழுவதுமோ பகுதியோ மறுக்கும் முன் வங்கி அதை அவரிடம் அனுப்ப வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் அது அவர் பார்த்த முடிவுதானா என்று கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு வரியிலேயே சில கோப்புகள் மறுபடி திறக்கும்.

உங்கள் கணக்கு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் என்றால் இந்த வழி எதுவும் பொருந்தாது. அது ரிசர்வ் வங்கியின் கீழ் வராது, கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக் கடனைக் கட்டி முடித்து இரண்டு மாதம். மூலப்பத்திரம் தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்கிறார்கள்.
*– அரசு ஊழியர், திருநெல்வேலி*

முப்பது நாளுக்குள் தர வேண்டும். தாமதம் வங்கியின் குற்றம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. கடைசித் தவணை கட்டிய தேதியையும் இந்தத் தொகையையும் போட்டு இன்றே கடிதம் கொடுங்கள். பத்திரம் தொலைந்துவிட்டது என்றால், நகல் எடுத்துத் தரும் செலவு அவர்களுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகே இழப்பீடு ஓடும்.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. பத்திரத்தை அடமானமாக வங்கியில் ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து அதை நீக்க வேண்டும். வங்கி அதிகாரி கையெழுத்திட வர வேண்டும் என்பதால் தேதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பிறகு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, கடன் நீங்கிய பதிவு அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.