ரெண்டாங்கட்டைப் படம் எடுங்கள்

ஐயா, 2015-ல் ஐஎஸ் அமைப்பினர் தகர்த்த சிரியாவின் பல்மைரா வளைவைப் பழைய புகைப்படங்களை வைத்துக் கணினியில் உருவாக்கி, 2016-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கல்லிலேயே நிறுத்தினார்களாம். இது மீட்பா, போலியா? நல்லவேளை, நம் செட்டிநாட்டில் போர் இல்லை. அடுத்த மாதம் முன்னோர்களுக்கான படைப்புக்காக எங்கள் வீட்டைத் திறக்கிறோம். நீங்களும் வர வேண்டும்.
— தேவகோட்டை வாசகர்

அன்புள்ள தம்பி,

லண்டனில் நின்றது அசலைவிடச் சிறியது, எகிப்துப் பளிங்கு, இத்தாலியில் இயந்திரம் செதுக்கியது. மீட்பா போலியா என்று சண்டை போட நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை விடுங்கள்.

'போர் இல்லை, நல்லவேளை' என்று எப்படி எழுத மனம் வந்தது? காரைக்குடியில் பழைய சாமான் கடைப் பக்கம் ஒருநாள் நடந்து பாருங்கள். சாய்த்து வைத்திருக்கும் கதவு நிலைகளும் பர்மா தேக்குத் தூண்களும் எந்தக் குண்டில் விழுந்தவை? பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் எங்கள் வீடும் அப்படித்தான் லாரி ஏறியது.

ஆப்கானிஸ்தானின் பாமியானில் 55 மீட்டர் புத்தரைத் தாலிபான்கள் 2001 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சூரிச் ஆய்வாளர்கள் அவரைக் கணினியில் எழுப்பியபோது, சுற்றுலாப் பயணிகளின் படங்களில் உருவம் வந்தது, அங்கியின் சின்ன மடிப்புகள் வரவில்லை. 1970-ல் அளவெடுப்பதற்கென்றே எடுத்த படங்களில்தான் அவை கிடைத்தன. படத்தில் விழாததைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்?

எங்கள் வீட்டுக்கும் ஆல்பம் இருக்கிறது. எல்லாமே கல்யாணப் படங்கள், எல்லாமே முகப்பும் வளவும். வளவுக்குப் பின்னால் இருக்கும் ரெண்டாங்கட்டு ஒன்றில்கூட இல்லை. அங்கே அடுப்படி நிலையில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை அப்பத்தா துடைத்துத் துடைத்து ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. என் கன்னம் உயரத்தில், கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அது இடது பக்கமா வலது பக்கமா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்னும் தீரவில்லை. அந்தக் கதவை இனி எந்தக் கணினியில் தேடுவது?

படைப்புக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் முகப்பில் நின்று செல்ஃபி எடுப்பதை நிறுத்திவிட்டு ரெண்டாங்கட்டுக்குப் போங்கள். ஓரடிக்கு ஒரு படம். முந்தின படத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் இருக்க வேண்டும். அந்தப் பொதுவான புள்ளிகளை வைத்துத்தான் கணினி உருவத்தைக் கணக்கிடும். சுவரோரம் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியும். அப்புறம், வயசான ஆச்சிமார் வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தூணில் யார் சாய்ந்து உட்காருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.