போர்ஷே 911: வால் கனமும் 2.7 எஞ்சினும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ஷே 911 பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டது தவறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெரிந்தும் அறுபது ஆண்டுகளாக அதையே வைத்திருப்பது பிடிவாதம் இல்லையா? இன்னொன்று. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு 911 எஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலையும் மற்ற 911களைவிடக் குறைவு. "2.7 லிட்டர் எஞ்சின், கிட்டே போகாதே" என்கிறார்கள் நண்பர்கள். அதில் அப்படி என்ன கோளாறு?

க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். வாலில் கனத்தைக் குறைக்கச் செய்த ஒரு மாற்றம், சில ஆண்டுகள் கழித்து 2.7 எஞ்சினில் வந்து விடிந்தது.

1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இந்த வண்டி 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ ஆட்சேபித்ததால், 1964இல் 911 ஆனது. 1991 சிசி, 130 குதிரைத்திறன், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த ஆறு சிலிண்டர்கள், காற்றால் குளிரும் எஞ்சின். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும். பின் டயர்களின் பிடி குறையும். வாலில் இருக்கும் எஞ்சின் வண்டியைச் சுழற்றிவிடும். முதலில் இதற்குச் செய்த வைத்தியம், முன் பம்பரின் இரு முனைகளிலும் 11 கிலோ இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தது.

சரியான வேலை 1969 மாடலில் நடந்தது. எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின் சக்கரங்களை மட்டும் 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள். முன், பின் சக்கரங்களின் இடைவெளியான வீல்பேஸ் 2211இலிருந்து 2268 மி.மீ. ஆனது. அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் நேராகப் போகாமல் பின்பக்கமாகச் சாய்ந்து போவது தெரியும். ஒற்றை பேட்டரியை இரண்டாக்கி முன் மூலைகளுக்கு ஒன்றாக வைத்தார்கள். அதற்குச் சற்று முன்பே, 1968இல், எஞ்சினின் நடு உடலான கிராங்க்கேஸை அலுமினியத்திலிருந்து மக்னீசியத்துக்கு மாற்றியிருந்தார்கள். வாலில் சுமார் 10 கிலோ குறைந்தது. 2 லிட்டர் எஞ்சினுக்கு அது நல்ல முடிவுதான்.

சிக்கல், எஞ்சின் வளர வளர வந்தது. ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 118 மி.மீ. கடைசிக் காற்றுக்குளிர் எஞ்சின்வரை இந்த அளவு மாறவே இல்லை. சிலிண்டர் விட்டம்தான் 80, 84, 90 என்று பெருத்துக்கொண்டே போனது. 1973இல் வந்த கரேரா ஆர்எஸ் என்ற 911இல் 90 மி.மீ.யைத் தொட்டு 2687 சிசி ஆனது. சிலிண்டருக்கு நான்கு வீதம் 24 எஃகு ஸ்டட்டுகள் (நீண்ட மரையாணிகள்), சிலிண்டரையும் அதன் மூடியான ஹெட்டையும் சேர்த்து மக்னீசிய கேஸோடு இறுக்கிப் பிடிக்கின்றன. எஞ்சின் சூடானால் அலுமினிய ஹெட்டும் சிலிண்டரும் எஃகைவிட அதிகம் விரியும். ஸ்டட் இழுபடும். அந்த இழுப்பை மக்னீசியத்தில் வெட்டிய மரை தாங்க வேண்டும். சூடு மிஞ்சினால் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அமெரிக்காவுக்கு வந்த 2.7களில் சூடு மிஞ்சத்தான் செய்தது. 1975இல் கலிஃபோர்னியாவுக்கும் பிறகு நாடு முழுவதற்கும், புகைக் கட்டுப்பாட்டுக்காக ஹெட்டுகளுக்கு நேர் கீழே தெர்மல் ரியாக்டர்கள் வைத்தார்கள். எரியாமல் வெளியே வரும் பெட்ரோலை எக்ஸாஸ்ட்டிலேயே எரிக்கும் அடுப்பு அது. போதாததற்கு 1976, 77 வண்டிகளில் குளிர்விக்கும் விசிறியின் இதழ்களை 11இலிருந்து 5 ஆக்கினார்கள். ரியாக்டர் இல்லாத ஆர்எஸ்ஸிலும் இதே மக்னீசிய கேஸ்தான். அதை யாரும் கிட்டே போகாதே என்று சொல்வதில்லை. 2.7 மேல் விழுந்த பழியில் பெரும்பங்கு அந்த அடுப்புக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முழுத் தீர்வு 1978இன் 911 எஸ்சியில் வந்தது. 3 லிட்டர், மறுபடியும் அலுமினிய கேஸ். மரை தப்பியது. ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் போட்ட டிலாவர் என்ற உலோகக்கலவை ஸ்டட்டுகள் அரிப்பெடுத்து உடைய ஆரம்பித்தன.

இனி உங்கள் வண்டி. முதலில் ரசீதுகளைக் கேளுங்கள். எஞ்சினைப் பிரித்து, ஸ்டட் இறங்கும் 24 துளைகளிலும் புது மரையாக எஃகு மரைக்கூடு போட்டிருக்க வேண்டும். பிடுங்கிக்கொண்ட ஒன்றிரண்டுக்கு மட்டும் போட்டிருந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று பொருள். ரசீது இல்லையென்றால் கீழ் வால்வு மூடிகளைக் கழற்றி, ஹெட் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில எஞ்சின்களில் உடைந்த ஸ்டட்டின் நுனியே மூடிக்குள் விழுந்து கிடக்கும்.

அடுத்தது, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர். பழைய மூடிய டென்ஷனர் தளர்ந்தால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் போச்சு. 1984 கரேராவில் எஞ்சின் ஆயில் அழுத்தத்திலேயே இயங்கும் டென்ஷனர் வந்தது. அதைப் பழைய எஞ்சின்களிலும் மாட்டலாம். மாட்டியிருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். பேக்ஃபயர் ஆகி நெருப்பு பின்னோக்கி வந்தால், காற்று உள்ளே போகும் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் வெடித்துவிடும். அதில் அழுத்தத்தை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வு பொருத்துவது சின்ன வேலைதான். ஆயில் அளவை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், ஓடவிட்டபடியே பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துக் குறைகிறதென்று ஊற்றினால், மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறிப் புகையும்.

பிடிவாதம் பற்றிக் கேட்டீர்கள். 911ஐ நிறுத்திவிட்டு, எஞ்சின் முன்னால் உள்ள 928ஐக் கொண்டுவரத்தான் கம்பெனியே நினைத்தது. 1981இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷூட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறைச் சுவரில் இருந்த அட்டவணையில் 911இன் கோட்டை இழுத்து நீட்டினார். அதன் பிறகு பழையது என்று மிஞ்சியது சாயல்தான். 1989 கரேரா 4இல் முறுக்கில் இயங்கும் டார்ஷன் பார் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. அடுத்து வந்த 911ஆன 993இல் பின் சஸ்பென்ஷனே புதிதாகி, காலை எடுத்தால் சுழலும் பயம் பெரிதும் அடங்கியது. 1997இல் வந்த 996 என்ற 911இல் எஞ்சினைத் தண்ணீர் குளிர்வித்தது. இதைப் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியாக, விலையைவிட முக்கியமான விஷயம். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைதான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. 1976 வண்டி பரிசோதனைக்குப் போயாக வேண்டும், அதற்குரிய புகைக் கருவிகளோடு. மற்ற மாநிலங்களில் பலர் செய்வதுபோல ரியாக்டரைக் கழற்றிப் போட்டுவிட முடியாது. எவ்வளவு செலவு செய்து மரைக்கூடு போட்டாலும் அடுப்பு கீழே எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் தேட வேண்டியது 1974 வண்டி. 2.7தான், மக்னீசிய கேஸ்தான். ஆனால் ரியாக்டர் இல்லை, பரிசோதனையும் இல்லை. அதிலும் அந்த 24 துளைகளின் ரசீதைக் கேட்க மறக்காதீர்கள்.