பாஸ்போர்ட் மாறினால் பழைய எஸ்டா செல்லாது

மியாமியில் மூன்று மணி நேரம் மட்டும் நின்று கோஸ்டா ரிக்கா போகிறோம், பழைய எஸ்டாவுக்கு (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் எடுக்கும் முன் அனுமதி) இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, ஆனால் டேனிஷ் பாஸ்போர்ட் புதியது, புது எஸ்டா எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் புதிதாக எடுங்கள். எஸ்டா அந்தப் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. எண் மாறியதும் அது முடிந்தது. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்காவில் இமிக்ரேஷனைத் தாண்டித்தான் ஆகவேண்டும், அதனால் டிரான்சிட்டுக்கும் எஸ்டா வேண்டும். படிவத்தில் டிரான்சிட் கேள்விக்கு 'ஆம்' என்று கொடுங்கள். அமெரிக்க முகவரி தேவைப்படாது.

உங்கள் பெயரில் ø இருக்கிறதே, அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில் << குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். அதில் உள்ளபடியே எழுதுங்கள்: ø என்பது OE, æ என்பது AE, å என்பது AA. டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருந்தால் நல்லது. பணம் கட்டுவதற்கு முன் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். கட்டிய பிறகு அதைத் திருத்த முடியாது. புது விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

கட்டணம் சுமார் 40 டாலர். அதைவிட நிறையக் கேட்டால் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள். அரசுத் தளத்தின் முகவரி .gov என்றுதான் முடியும். புறப்பட 72 மணி நேரத்துக்கு முன்பாவது அனுப்பிவிடுங்கள். 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போயிருந்தால் எஸ்டா கிடைக்காது, விசாதான். அதற்கு நேர்காணல் நாள் கிடைக்கவே தாமதமாகலாம், இன்றே பாருங்கள்.